சோழியும் வாக்கியமும்: பஞ்சாங்கக் கணிதத்தின் வரலாற்றில் ஒரு பகுதி

1825ஆம் ஆண்டிலே சென்னையில் ‘கால சங்கலித’ என்னும் ஆங்கில நூல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் யோன் வாரன் பிரெஞ்சுக் குடியிற் பிறந்து ஆங்கிலப் படையிற் பணியாற்றியவர். சென்னை வானியல் அவதான நிலையத்தைச் சிலகாலம் நடத்தியவர். தென்னாட்டார் காலத்தைக் கணிக்கும் முறைகளைத் தொகுத்த அவர், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைக் கொண்டு அவ்வாண்டு மே 31 இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணிப்பித்தார். சாமிநாதன் சேஷையா என வாசிக்கத்தக்க பெயருடைய அவர் ஏட்டையும் எழுதுகோலையும் நாடவில்லை. நிலத்திற் சோழிகளைப் பரப்பி, மனனஞ் செய்த சொற்களைக் கொண்டே கணக்கை முடித்தார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. ஆனால் வானநூற் கோட்பாடு எதனையும் அவர் அறிந்திருக்கவில்லை என்கிறார் வாரன்.

அறியாத ஒருவர் இத்துணை சரியாகக் கணிப்பது எவ்வாறு? விடை வாக்கிய முறையின் அமைப்பிலே உள்ளது. சந்திரன் ஒரே வேகத்திற் செல்வதில்லை. அதன் வேகம் மிகுந்து குறைந்து பழைய நிலைக்கு மீள ஏறத்தாழ இருபத்தேழரை நாள் செல்லும். அத்தகைய ஒன்பது சுற்றுக்கள் 248 நாளில் நிறைவுறும். ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியங்கள். வரருசி இயற்றியனவாகச் சொல்லப்படும் இவை ஒவ்வொன்றும் அந்தந்த நாளுக்குரிய சந்திரன் நிலையைக் கூறும். எண்கள் கடபயாதி என்னும் முறையால் எழுத்துக்களாக மாற்றப்பட்டிருக்கும். ‘தேவர’ என்பதில் தகர வருக்கத்து மூன்றாம் எழுத்து 8, வகரம் 4, ரகரம் 2. பின்னிருந்து வாசிக்க 248 ஆகும். தமிழ் நெடுங்கணக்கு அவ்வருக்க வேறுபாட்டைக் காட்டாதாகலின், இவ்வெண்கள் செவிவழியும் கிரந்த எழுத்தின் வழியுமே பிழையின்றி வாழ்ந்திருத்தல் கூடும்.

கணிப்பவர் செய்யவேண்டுவது சிறிதே. கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாட்களை எண்ணி, அதிலிருந்து 12372, 3031, 248 முதலிய பெருஞ்சுற்றுக்களை நீக்கி, எஞ்சிய நாளுக்குரிய வாக்கியத்தை ஓதித் திருத்தங்களைக் கூட்டுதலே அது. கோட்பாடறிந்தவர் ஒருமுறை ஆக்கிவைத்ததை அறியாதவர் தலைமுறை தலைமுறையாக இயக்கலாம். இன்று கணனிச் செய்நிரல் எனப்படுவதும் இத்தகையதே.

நொய்கெபாவர் என்னும் வரலாற்றறிஞர் 1952இல் இக்கணிப்பை ஆராய்ந்தபோது அவரைக் கவர்ந்தது பிழையின் சிறுமையன்று, மரபின் நீட்சியே. கி.பி. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரரையும் கடந்து, செலூக்கியர் காலத்துப் பாபிலோனியக் களிமண் ஏடுகள் வரை அதன் தடத்தை அவர் கண்டார்.

எனினும் இந்நீட்சிக்கு ஒரு விலையும் இருந்தது. வாக்கியத்தை மட்டும் அறிந்தவர் அதனைத் திருத்த வல்லவரல்லர். திருத்தியவர்கள் கோட்பாடறிந்தோரே: கேரளத்தில் 683இல் பரகித முறையை ஹரிதத்தரும், 1431இல் திருக்கணித முறையைப் பரமேசுவரரும் வகுத்தனர்; இடையில் வாழ்ந்த சங்கமக்கிராம மாதவர் சந்திர வாக்கியங்களை விகலை வரை நுணுக்கினார். தமிழ்நாட்டு வாக்கிய மரபு இவற்றால் அதிகம் மாறவில்லை. அதற்குக் காரணம் அதன் வெற்றியே எனலாம். சூரியனின் ஈர்ப்பால் சந்திரனுக்கு நேரும் இன்னொரு வேக மாறுதல் இம்முறையிற் சேர்க்கப்படவில்லை. அதனை முஞ்சாலர் கி.பி. 932 அளவிலேயே குறித்திருந்தார். அம்மாறுதலால் வரும் பிழை அமாவாசையிலும் பூரணையிலும் சிறிது. அட்டமியை அண்டியே பெரிதாகிச் சில மணித்தியாலமளவு செல்லும். பொதுமக்கள் கண்ணாற் கண்டு ஒப்பிடக்கூடியது கிரகணம் ஒன்றே. கிரகணமோ அமாவாசை பூரணைகளிலன்றி நிகழாது! சோதனைக்கு வந்த நாளெல்லாம் வாக்கியம் தேறியது. தவறிய நாட்களை எவரும் வானில் நோக்கவில்லை. திதியின் நீளம் 54 முதல் 65 நாழிகை வரை என்பது வாக்கிய வழக்கு. உண்மையில் அது ஏறத்தாழ 50 முதல் 67 வரை வேறுபடும்.

யாழ்ப்பாணத்தில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் புத்தாண்டுப் பிறப்புக்கு வெவ்வேறு நேரங்களைத் தருகின்றன. ஏகாதசி விரதம் ஒருநாள் முன்பின்னாக நேர்வதும் உண்டு. ஒரு வீட்டிலேயே மாமியார் ஒன்றையும் மருமகள் மற்றொன்றையும் நம்பினால் அடுப்பெரிவது எந்நாள் என்பதும் வழக்காகிவிடும். இதனை அறிவுக்கும் அறியாமைக்கும் இடையிலான பிணக்கு என்று சுருக்குதல் பொருந்தாது. விரதம் முன்னோர் அனுட்டித்த நாளில் வரவேண்டும் என்பாரும், வானில் திதி உள்ள நாளில் வரவேண்டும் என்பாரும் வெவ்வேறு வினாக்களுக்கே விடை தேடுகின்றனர்.

1997இல் சுவிஸ் எபிமெரிஸ் என்னும் மென்பொருள் வெளியானபின், அமெரிக்க விண்வெளி ஆய்வாளரின் கிரகக் கணிப்புக்கள் பஞ்சாங்கக்காரருக்கும் எட்டின. சந்திரன் நிலையில் இன்று ஐயமில்லை. எனினும் ராசிச் சக்கரத்தின் தொடக்கத்தை எங்கே வைப்பது என்பதைக் கணனி தானாக அறியாது. மேகநாத சாகா தலைமையில் இயங்கிய இந்தியப் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1955இல் அளித்த அறிக்கையில் அயனாம்சத்தை 1956 மார்ச் 21க்கு 23 பாகை 15 கலை என வகுத்தது. பல செய்நிரல்கள் அதனையொட்டிய அளவையே கேளாமற் கொள்கின்றன. உதயம் என்பது சூரிய வட்டத்தின் விளிம்பு தோன்றும் நேரமா, நடுப்புள்ளி தோன்றும் நேரமா என்பதும் அவ்வாறே முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்துபவர் இவற்றை அறிந்திருக்க வேண்டியதில்லை. 248 வாக்கியங்களையும் அட்டவணையாக இட்டுப் பழைய முறையிலேயே கணிக்கும் செய்நிரலை எழுதுவதும் எளிதே. அதற்குச் சேஷையா சோழிகளைக் கொண்டு செய்த கூட்டலும் கழித்தலும் போதும். அவருடைய பிழைகளும் நிமிடம் பிசகாமல் வந்து சேரும்.