பின் சீல் மீது விழும் பழி: கற்பிட்டி உழவு இயந்திரமும் சிலாபத்துப் படகும்

டீசல் எஞ்சினில் ஒயில் ஒழுகினால் பலர் வாயில் முதலில் வருவது “பின் சீல் போய்விட்டது” என்ற பேச்சுதான். கற்பிட்டியில் வெங்காயத் தோட்டத்து உழவு இயந்திரத்துக்கும் அதே தீர்ப்பு, சிலாபம் மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருக்கும் படகுக்கும் அதே தீர்ப்பு. பல வேளைகளில் இரண்டுமே அவசரத் தீர்ப்பு. எங்கே கசிந்தாலும் ஒயில் கடைசியில் எஞ்சினின் பின்புறம்தான் போய்ச் சேருகிறது. ஆனால் தரையில் அதைப் பின்னால் கொண்டுபோவது காற்று, கடலில் சாய்வு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஒன்றுக்குரிய சோதனையை மற்றதற்குச் செய்தால் பணமும் நாளும் வீண்.

களப்பில் ஓடும் சிறு பைபர் படகுகளுக்கு வெளியிணைப்பு எஞ்சின் என்பதால் அவை இங்கே சேரா. 1950களின் இறுதியில் இலங்கைக் கரைகளுக்கு வந்த மூன்றரைத் தொன் படகுகளையும், பின்னர் வந்த பலநாள் படகுகளையும் போல, டீசல் எஞ்சினை வயிற்றுக்குள் வைத்திருப்பவற்றைப் பற்றியே பேச்சு.

உழவு இயந்திரத்தின் விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுத்து எஞ்சின் மேல் பின்னோக்கி வீசும். முன்பக்க டைமிங் கவரிலோ மேலே டெப்பட் கவர் பெக்கிங்கிலோ ஒரு துளி கசிந்தாலும் அந்தக் காற்று அதைப் பிளைவீல் கூடு வரை இழுத்துச் செல்லும். ஆனால் கற்பிட்டி மணல் இங்கே உதவிக்கு வருகிறது. சோளகம் வீசும் மாதங்களில் பறக்கும் தூசி ஈரமான இடத்தில்தான் ஒட்டும். தூசி படிந்த தடத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்துக்கொண்டே போனால், ஈரம் முடியும் மிக உயரமான இடத்துக்கு அருகில்தான் கசிவு இருக்கும். அந்தத் தடம் பழையதாக இருந்தால் எஞ்சினை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மேலே முகப்பவுடர் தூவி, பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் மட்டும் ஓடவிடலாம். பெல்ட் இல்லாவிட்டால் தண்ணீர்ப் பம்பும் நிற்கும் என்பதால், சூடேறுமுன் நிறுத்திவிட வேண்டும். காற்று இல்லாதபோது ஒயில் நேராகக் கீழே இறங்கும், வெள்ளைப் பவுடரில் அதன் கறுத்த கோடு தெளிவாகத் தெரியும்.

இதே முறையைப் படகில் செய்ய முடியாது. எஞ்சின் அறையின் உப்பு ஈரத்தில் பவுடர் கட்டியாகிவிடும். தடம் காட்டத் தூசியும் இல்லை. புரொப்பெல்லர் தண்டுக்கு ஏற்ப எஞ்சின் பின்பக்கம் சில பாகை சரிந்திருப்பதால், முன்னே கசியும் ஒயில் சம்ப்பின் அடியைத் தடவிக்கொண்டே பின்னால் வந்து சொட்டும். கீழே தேங்கிய தண்ணீர் அதை எங்கும் பரப்பிவிடும், பம்ப் மீதியைக் கடலில் கொட்டிவிடும். எனவே தண்ணீரை முழுதாக இறைத்துத் துடைத்துவிட்டு, எஞ்சினுக்கடியில் முன், நடு, பின் என வெள்ளைக் கடதாசி விரித்து, பாரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒயிலில் கலக்கும் ஒளிர்சாயமும் புற ஊதாக்கதிர் டோர்ச்சும் கிடைத்தால் படகுக்கே அவை அதிகம் பயன்படும். கற்பிட்டி வெயிலில் அந்த ஒளிர்வைக் காண இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். படகின் எஞ்சின் அறையில் பகலிலும் இருட்டுத்தான்.

படகில் மட்டும் ஒயில் வெளியேற இன்னொரு வழி உண்டு, என் பார்வையில் அதுவே ஆபத்தானது. கடல்நீரால் குளிரும் ஒயில் கூலர் உள்ளே அரித்துப்போனால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஓடும்போது ஒயிலின் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் அது தண்ணீரோடு வெளியேறும். டிப்ஸ்டிக்கில் அளவு குறையும், தண்ணீர் வெளிவரும் இடத்தில் வானவில் நிறப் படலம் மிதக்கும். எஞ்சினை நிறுத்தினால் உப்புநீர் எதிர்த்திசையில் ஒயிலுக்குள் நுழையலாம். டிப்ஸ்டிக்கில் பால் நிறம் கண்டால் படகைக் கடலுக்கு எடுக்கவே கூடாது.

மணந்து பார்க்கும் பழக்கமும் இரண்டிடத்திலும் ஒன்றல்ல. உழவு இயந்திரத்தில் கிளட்ச் கூட்டின் அடித்துளையில் சொட்டுவது கியர் ஒயிலா எஞ்சின் ஒயிலா என்று மூக்கும் நிறமும் ஓரளவு சொல்லிவிடும். பல படகு கியர்பெட்டிகளில் எஞ்சின் ஒயிலையே ஊற்றுவதால், இரண்டு டிப்ஸ்டிக்கிலும் எது குறைகிறது என்று அளந்தால்தான் தெரியும்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று பிரீதர் குழாய். அது அடைபட்டாலோ, ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்கினாலோ, சம்ப்புக்குள் அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தாண்டி ஒயில் வெளியே வரும். அந்த நிலையில் சீல் மாற்றினால் புதியதும் கசியும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பலமாகத் தள்ளுகிறதா என்று பார்க்கச் செலவேதும் இல்லை. டிப்ஸ்டிக்கில் டீசல் மணம் வீசி, அளவும் ஏறியிருந்தால், டீசல் பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம். நீர்த்துப்போன ஒயில் நேற்றுவரை கசியாத இடத்திலும் கசியும்.

பின் சீல் உண்மையில் போவதும் உண்டு. மாஸி பெர்குசன் 135 உழவு இயந்திரத்தின் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சினில் பழைய கயிறு வகைச் சீல். அது சற்று ஈரமாக இருப்பது வழக்கம்தான். ஆனால் அதை மாற்ற உழவு இயந்திரத்தை நடுவே இரண்டாகப் பிரிக்க வேண்டும். படகில் கியர்பெட்டியைக் கழற்ற வேண்டும், இடம் போதாவிட்டால் எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். அதற்கெல்லாம் இறங்குமுன் கழுவிப் பார்ப்பதற்கு ஒரு பகல் போதும்.

கசிவை அப்படியே விடவும் கூடாது. கற்பிட்டியில் மணலுக்கடியில் ஆழமில்லாமல் கிடக்கும் நீரே குடிநீரும் பயிருக்கு நீரும். படகு இறைத்துக் கொட்டும் எண்ணெய்த் தண்ணீர், 1992இல் சரணாலயமான பார் றீஃப் பவளப்பாறை இருக்கும் கடலில் சேருகிறது. கடலை மாசுபடுத்துவதைத் தடுக்க 2008இன் 35ஆம் இலக்கச் சட்டமும் நம்மிடம் உண்டு.

ஆகவே, பின் சீலைக் கழற்றச் சொல்லும் பாஸிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கழுவிப் பார்த்தீர்களா, பிரீதரைப் பார்த்தீர்களா? படகாயிருந்தால் மூன்றாவதாக ஒயில் கூலரைப் பற்றியும் கேளுங்கள். இவற்றுக்குப் பதில் வராமல் ஸ்பானரை எடுக்க விடாதீர்கள்.