ஜிம் ஃபெல்ப்ஸ் துரோகியான கதை

1996 கடைசியில் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த என் பெரியம்மா மகன், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே என்னிடம் சொன்னது: "தம்பி, நம்ம ஃபெல்ப்ஸைத் துரோகி ஆக்கிட்டானுங்கடா."

வீட்டில் இருந்தவர்கள் ஏதோ உறவுக்காரர் விஷயம் என்று நினைத்தார்கள். ஒரு விதத்தில் அது சரிதான்.

அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் புதுவையில் 'சொல்தா' என்போம். பிரெஞ்சுக் குரல் கொடுத்து அங்கே ஒளிபரப்பான 'மிஷன் இம்பாசிபிள்' தொடரை அவர் வீடியோவில் பதிந்து, வரும்போதெல்லாம் கேசட் கேசட்டாகக் கொண்டுவருவார். பிரான்சு முறை வேறு, நம் டிவி முறை வேறு. அதனால் கலரில் எடுத்த தொடர் எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடியது. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு வசனம் புரிந்தது. என் மனைவிக்கு வசனமே தேவைப்படவில்லை. "இவன் முகமூடியைக் கழட்டப் போறான் பாருங்க" என்று எனக்கு முன்பே சொல்லிவிடுவாள்.

தொடரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1966 செப்டம்பரில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கியது. 1973 வரை ஏழு பருவங்கள், 171 பகுதிகள். தயாரித்தது நகைச்சுவை நடிகை லூசில் பால் நடத்திய டெசிலு நிறுவனம். உருவாக்கியவர் புரூஸ் கெல்லர். ஜூல்ஸ் டாசின் எடுத்த 'டாப்காபி' (1964) என்ற திருட்டுப் படம்தான் அவருக்குத் தூண்டுதல். டாசின், அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று ஒதுக்கப்பட்டு ஐரோப்பாவுக்கு வந்தவர். 1955 இல் பாரீசில் அவர் எடுத்த 'ரிஃபிஃபி'யில் ஒரு கொள்ளைக் காட்சி, ஏறக்குறைய அரை மணி நேரம் பேச்சும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் போகும். நண்பர்கள் யாராவது இன்னும் பார்க்கவில்லை என்றால் பாருங்கள்.

தொடரின் அமைப்பு எளிது. ஒரு ரகசிய இடத்தில் டேப் ரெக்கார்டர் இருக்கும். தலைவருக்கு வேலையைச் சொல்லிவிட்டுப் புகைந்து அழிந்துபோகும். மாட்டிக்கொண்டால் அரசாங்கம் உங்களைத் தெரியாது என்றுதான் சொல்லும் என்றும் எச்சரிக்கும். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இதற்கு நம்மிடம் 'வாய்மொழி உத்தரவு' என்று பெயர்.

பிறகு குழு. வேஷம் போட ரோலின், எதிரியை மயக்க சின்னமன், மின்சார வேலைக்கு பார்னி, பாரம் தூக்க வில்லி. பார்னியாக நடித்த கிரெக் மோரிஸ் கறுப்பினத்தவர். 1966 இல் ஒரு கறுப்பினத்தவரை, குழுவின் விஞ்ஞான மூளையாகக் காட்டியது பெரிய காரியம். இவர்களுக்குக் குடும்பம் உண்டா, சொந்த ஊர் எது, ஏறக்குறைய எதுவும் நமக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு வேலை, அதை நேரத்துக்கு முடிப்பார்கள். எதிரியை அவன் ஆட்களே சந்தேகிக்கும்படி செய்துவிட்டு, சத்தமில்லாமல் ஒரு வேனில் ஏறிப் போய்விடுவார்கள்.

முதல் வருடம் தலைவராக நடித்தவர் ஸ்டீவன் ஹில். யூத மத ஆசாரத்தை விடாதவர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் படப்பிடிப்பில் நிற்கமாட்டார். அதனால் வந்த சிக்கலில் அவர் விலக, 1967 இல் பீட்டர் கிரேவ்ஸ் ஜிம் ஃபெல்ப்ஸாக வந்தார். வெள்ளை முடி, நிதானமான குரல். 1988 இல் தொடரை ஆஸ்திரேலியாவில் மறுபடி எடுத்தபோதும் அவரேதான் தலைவர். பார்னியின் மகனாக கிரெக் மோரிஸின் சொந்த மகனே நடித்தார். ஆக, ரசிகர்களுக்கு ஃபெல்ப்ஸ் இருபது வருஷத்துக்கு மேல் பழகிய மனிதர்.

1996 மே மாதம் அமெரிக்காவில் படம் வெளியானது. இயக்கம் பிரையன் டி பால்மா, தயாரிப்பிலும் நடிப்பிலும் டாம் குரூஸ். ஆரம்பத்திலேயே பிராக் நகரத்தில் குழு ஒவ்வொருவராகச் சாகிறது. பழைய ரசிகர்களுக்கு முதல் அடி இது. பிறகு, செத்ததாக நாம் நினைத்த ஃபெல்ப்ஸ் உயிரோடு வருகிறார். சொந்த ஆட்களைக் காசுக்காகக் கொன்றவரே அவர்தான் என்று தெரிகிறது. பனிப்போர் முடிந்துவிட்டது, நம்மைக் கேட்பார் இல்லை, வருஷத்துக்கு 62,000 டாலர் சம்பளம்தான் மிச்சம் என்கிற மாதிரி ஒரு வசனமும் வைத்திருந்தார்கள். பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். "சம்பளம் பத்தாதுன்னா கூட இருந்தவனையே சுடுவானாடா?" என்று அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவர் மட்டும் கோபப்படவில்லை. பீட்டர் கிரேவ்ஸை அந்தப் பாத்திரத்துக்குக் கேட்டபோது, ஃபெல்ப்ஸ் துரோகி என்று தெரிந்ததும் மறுத்துவிட்டார். ஜான் வாய்ட் நடித்தார். கிரெக் மோரிஸ் தியேட்டருக்குப் போய், படம் முடியும் முன்பே எழுந்து வந்துவிட்டார். அதே ஆகஸ்டில் காலமானார். ரோலினாக நடித்த மார்ட்டின் லாண்டோ, பழைய குழுவையே ஒழித்துக்கட்டும் யோசனை ஒரு கட்டத்தில் தன்னிடம் வந்ததாகவும், தனக்கு அது பிடிக்கவில்லை என்றும் பின்னாளில் சொன்னார்.

புதுப் பார்வையாளர்கள் வேறு மாதிரி. கதை தலைசுற்றுகிறது என்பதுதான் அவர்கள் குறை. ஃபெல்ப்ஸ் அவர்களுக்கு இன்னொரு வில்லன், அவ்வளவே. 8 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுவதும் 45 கோடிக்கு மேல் வசூல் செய்தது.

எனக்குப் பட்டது இது. அந்தத் திருப்பம் பழைய ரசிகனிடம் மட்டும்தான் முழுசாகப் பலிக்கும். அவன் ஃபெல்ப்ஸை நம்பியிருந்ததுதான் அதற்கு மூலதனம். வில்லனுக்குப் புதுப் பெயர் வைத்திருந்தால் ஒருவரும் எழுந்து போயிருக்கமாட்டார்கள். ஆனால் அந்த அதிர்ச்சியும் கிடைத்திருக்காது.

இதை நினைக்கும்போது எங்கள் பிரிவில் நடந்த ஒன்று வரும். ஒரு ஹெட் கிளார்க் அப்பழுக்கில்லாமல் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். இரண்டு வருஷம் கழித்து ஒரு கோப்பைக் காணோம். இருக்கிறவர்கள் யார் பேரை எழுதினாலும் விசாரணை வரும். 'முந்தைய தலைமை எழுத்தர் காலத்திலேயே தவறியிருக்கக்கூடும்' என்று குறிப்பு போட்டார்கள். தட்டச்சு செய்தவன் நான். கோப்பு பிறகு பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது. குறிப்பை யாரும் திருத்தவில்லை, நானும் திருத்தச் சொல்லவில்லை. அன்று ராத்திரி அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய் ஒரு பழைய கேசட்டைப் போட்டார்.

படத்தில் நல்லதே இல்லையா என்றால், உண்டு. டாம் குரூஸ் கயிற்றில் தொங்கிக்கொண்டு சத்தமே இல்லாமல் கம்ப்யூட்டரில் இருந்து பட்டியலைத் திருடும் காட்சி டாசினின் நேர் வாரிசு. அதை அண்ணனும் ஒப்புக்கொண்டார். ஆனால் கடைசியில் ரயிலைத் துரத்திக்கொண்டு ஹெலிகாப்டர் சானல் சுரங்கத்துக்குள் நுழையும்போது, அவர் பார்த்த தியேட்டரில் எல்லாரும் சிரித்தார்களாம். உண்மையான ரயில் சுரங்கம் 7.6 மீட்டர் விட்டம். மேலே மின்கம்பி வேறு ஓடுகிறது. படத்தில் கம்பியே இல்லை. இசையிலும் ஒரு வேலை நடந்தது. பாரீசில் இசை படித்த அர்ஜென்டினாக்காரர் லாலோ ஷிஃப்ரின் போட்ட மெட்டு ஐந்து எண்ணிக்கை, நம் கண்ட சாபு மாதிரி. படத்தோடு விற்ற நடனப் பாட்டில் அதைப் பெரும்பாலும் நான்காக்கிவிட்டார்கள். ஆடுகிறவன் கால் தடுக்காமல் இருக்க வேண்டுமே.

கிரேவ்ஸ் 2010 இல் இறந்தார். அண்ணன் அதற்கு முன்பே போய்விட்டார். படங்கள் மட்டும் நிற்காமல் வந்தன. 2025 இல் எட்டாவதைப் பேரனோடு தியேட்டரில் பார்த்தேன். பிரிக்ஸ் என்ற பெயரில் டாம் குரூஸைத் துரத்திக்கொண்டிருந்த அதிகாரி, உண்மையில் ஜிம் ஃபெல்ப்ஸின் மகன் என்று வெளிப்படுகிற இடம் வந்தது. பிரிக்ஸ் என்பது ஸ்டீவன் ஹில் நடித்த முதல் தலைவரின் பெயர். நான் "அட!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். முன் வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு தாத்தா ஃபெல்ப்ஸ்?" என்றான் பேரன்.

வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். சொல்லி முடிக்க இரண்டு நாள் ஆனது.