தீச்சுவரும் இணையக் குரலும்

இணைய அழைப்பில் மணி அடிக்கும். எடுத்தா மறுமுனைக் குரல் மட்டும் வராது. காம்பாரிலிருந்து பேசினாலும் சென்னையிலிருந்து பேசினாலும், பல வேளைகளில் காரணம் தீச்சுவர்தான். இதற்கு ஒரு வரலாறு உண்டு.

1990களின் தீச்சுவர் நம்ம பள்ளிக் காவலாளி மாதிரி. எந்த வாயில் எண்ணைத் திறப்பது, எதை அடைப்பது என்று கையில் ஒரு பட்டியல் இருக்கும். வலைப்பக்கத்துக்கு 80, மின்னஞ்சலுக்கு 25. எண்கள் முன்பே தெரிந்ததால் வேலை சுலபம்.

1995இல் வோக்கல்டெக் நிறுவனத்தின் இணையத் தொலைபேசி மென்பொருள் வந்தது. 1999இல் எஸ்.ஐ.பி. என்ற அழைப்பு நெறிமுறை வந்தது. சிக்கலும் கூடவே வந்தது. அழைப்புச் செய்தி 5060ஆம் வாயிலில் போகும். குரலோ, அந்தச் செய்திக்குள் இரு முனைகளும் ஒத்துக்கொண்ட வேறு வாயிலில் வரும். அழைப்புக்கு அழைப்பு அந்த எண் மாறும். பாவம், காவலாளியின் பட்டியலில் அது எப்படி இருக்கும்? ஆயிரக்கணக்கான வாயில்களைத் திறந்தே வைப்பதும் ஆபத்து. ஆகவே தீச்சுவர் அழைப்புச் செய்தியையே படித்து, குறிப்பிட்ட வாயிலை மட்டும் திறந்து, பேச்சு முடிந்ததும் மூடக் கற்றுக்கொண்டது. (தப்பாகப் படித்து அழைப்பையே கெடுத்த கருவிகளும் உண்டு!)

2003இல் வந்த ஸ்கைப்பின் தந்திரமே வேறு. மற்ற வழிகள் அடைபட்டால், பெரும்பாலும் திறந்திருக்கும் 80, 443 வழியே அது அன்று நுழைந்துவந்தது.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. நம்மில் பலர் கூகுள் மீட்டில் பாடம் நடத்தினோம். அதன் குரலும் படமும் முதலில் யு.டி.பி. 3478, 19302 முதல் 19309 வரையிலான வாயில்களைத் தேடும். அவை அடைபட்டிருந்தால் 443க்குப் போகும். அப்போது குரல் விட்டுவிட்டு வரலாம். பள்ளி வலையமைப்பில் இணைய வகுப்பு எடுக்கிறவர்கள் தொழில்நுட்பரிடம் கேட்க வேண்டிய எண்கள் இவைதான்.