பாட்டியும் நர்சம்மாவும்



போன வாரம் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது கிராம சுகாதாரச் செவிலியர். காபி குடித்துக்கொண்டே, "ராஜா, போர், ஒப்பந்தம் எல்லாம் நடத்தினீங்க சார். எங்க வேலையைப் பத்திப் பாடத்துல ஒரு வரிகூட இல்லையே?" என்று கேட்டாள். முப்பத்து நாலு வருடம் வரலாறு நடத்திய எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கடனை அடைக்கத்தான் இந்தப் பதிவு.

என் அம்மாவைப் பெற்ற பாட்டியை நான் பார்த்ததில்லை. 1944-இல் சின்ன மாமாவைப் பெற்ற இரவில் இறந்துபோனார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. நஞ்சு விழவில்லை, உதிரப்போக்கு நிற்கவில்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி கைராசிக்காரர். ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். ஆனால் ரத்தத்தை நிறுத்த அவரிடம் ஊசி இல்லை, அனுப்பி வைக்கப் பக்கத்தில் ஆஸ்பத்திரியும் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒன்பது வயதில் அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டார். பள்ளிக்கூடம் அன்றோடு நின்றது. மாமா கடைசிவரை அம்மாவை 'அக்கா' என்று கூப்பிட்டதே இல்லை, 'அம்மா' என்றுதான் கூப்பிட்டார் என்பது உறவினர்களுக்குத் தெரியும்.

1946-இல் வந்த போர் குழு அறிக்கை, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் பெண்கள் பிரசவம் தொடர்பாக இறப்பதாக மதிப்பிட்டது. 60,000 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற மருத்துவச்சிதான் இருந்தார். அந்தப் பக்கத்தை முதலில் படித்தபோது, இந்த 2 லட்சத்தில் ஒருத்தி என் பாட்டி என்று தோன்றியது.

பயிற்சி என்பதே இல்லாமல் போகவில்லை. இன்றைய எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. 1850-களிலேயே அங்கு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 1926-இல் செவிலியர், மருத்துவச்சிகளைப் பதிவு செய்ய மெட்ராஸ் மாகாணம் சட்டமே போட்டது. ஆனால் அந்தப் படிப்பு பட்டணத்தைத் தாண்டி எங்கள் ஊர்ப்பக்கம் வரவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களும், ஏ.என்.எம். என்கிற துணைச் செவிலியர்-மருத்துவச்சிகளும் வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

1974-இல் என் அக்காவுக்கு எட்டாம் மாதம். நர்சம்மா வந்து கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். "இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, வலிப்பு வந்தா ரெண்டு உயிரும் போயிடும்" என்றார். தலைப்பிரசவம் வீட்டில்தான் என்று பெரியவர்கள் முறுக்கிக்கொண்டார்கள். அம்மா யாரிடமும் வாதாடவில்லை. உள்ளே போய் அக்காவின் துணிகளைப் பையில் எடுத்து வைத்தார். பால் வண்டியில் போனோம். அக்காவும் பிழைத்தார், குழந்தையும் பிழைத்தது. அந்தக் குழந்தை இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும்!

நர்சம்மா செய்தது ஆபரேஷன் அல்ல. ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடித்து, நேரத்தோடு அனுப்பி வைத்தார். சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். கர்ப்பிணியைப் பதிவு செய்வது, இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, குடும்பநலம் எல்லாம் அங்கிருக்கும் ஒரு பெண்ணின் பொறுப்பு. பிரசவம் ஆனதும் போடும் ஆக்ஸிடோசின் ஊசி கருப்பையைச் சுருங்க வைத்து உதிரப்போக்கைக் குறைக்கிறது. பாட்டிக்குக் கிடைக்காதது அதுதான்.

தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு 2001-03-இல் 134. 2018-20-இல் 54. சாலை, 108 ஆம்புலன்ஸ், ரத்த வங்கி, டாக்டர்கள், பெண் கல்வி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விழித்திருப்பது ஒரு செவிலியர்தான்.

இன்னொரு கவலையும் உண்டு. 2019-21 கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் ஏறக்குறைய 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தேவைப்படும்போது அது உயிர் காக்கும். இவ்வளவு பேருக்குமா தேவைப்படும்? பொறுமையாகப் பக்கத்தில் இருந்து சுகப்பிரசவம் பார்க்க, தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்களை உருவாக்க 2018-இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. அது வேகம் பிடிக்க வேண்டும்.

கிளம்பும்போது அந்த மாணவி, "வர்றேன் சார், இன்னைக்கு ரெண்டு வீடு பாக்கணும்" என்றாள். வாசல்வரை போய் வழியனுப்பினேன். மாணவிக்கு நான் எழுந்து நின்றது அதுவே முதல் முறை.

உங்களையோ உங்கள் பிள்ளைகளையோ கையில் ஏந்திய நர்சம்மா யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். அதுவும் வரலாறுதான்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்