ஆண்டுக்கு எத்தனை புத்தகம்?

ஜனவரி பிறந்தால் சென்னைப் புத்தகக் காட்சி வருகிறது. கூடவே தோழர்களின் பதிவுகளும் வருகின்றன: "இந்த ஆண்டு 50 புத்தகம்", "இந்த ஆண்டு 100". நல்ல பழக்கம்தான். ஆனால், படிப்பதற்கே தடை விதிக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் நாம். அதனால் எத்தனை என்று கேட்கும்போதே ஏன், யாருக்காக என்றும் நாம் கேட்டாக வேண்டும். அதற்கு நம் வாசிப்பின் வரலாறு தெரிய வேண்டும்.

வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அதுதான் விதி என்றால், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். இது ஏதோ பழங்கதை என்று ஒதுக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில், பீமராவ் என்ற மாணவருக்குச் சமஸ்கிருதம் படிக்க இடம் தரவில்லை. அவர் பாரசீகம் எடுத்துப் படித்தார். சமஸ்கிருதத்தைப் பின்னாளில் சொந்த முயற்சியில் கற்றார். எந்த நூல்களை நெருங்கக் கூடாது என்றார்களோ, அதே நூல்களைச் சான்றாக வைத்து 1946-இல் 'சூத்திரர்கள் யார்?' எழுதினார். அதை ஜோதிராவ் புலேவுக்குக் காணிக்கையாக்கினார்.

அந்தக் காணிக்கைக்குக் காரணம் உண்டு. 1848-இல் புனேயில் ஜோதிராவும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். அவர்களிடம் படித்த முக்தா சால்வே, மாங் சமூகத்துச் சிறுமி. 1855-இல் மாங், மகர் மக்களின் துயரம் பற்றி அவர் எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. வேதம் பிராமணருக்கு மட்டும் உரியது என்றால், அதைப் பார்க்கவும் உரிமையில்லாத நாங்கள் மதமில்லாதவர்கள்தானே என்பது அவர் எழுப்பிய கேள்வி. சில ஆண்டுப் படிப்பு, அதற்குள் இப்படி ஒரு கேள்வி! அவர் எத்தனை புத்தகம் படித்திருந்தார் என்று யாராவது எண்ணினார்களா?

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1893-இல் இரட்டமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். வசைச்சொல்லாக வீசப்பட்ட பெயரையே தலைப்பில் ஏற்றி, 1900 வரை நடத்தினார். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. ஒரு பைசா என்பது அதன் விலை. மறு ஆண்டு 'தமிழன்' என்று பெயர் மாறியது. நம் மக்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் வெகு சிலராக இருந்த காலத்தில், 1914-இல் மறையும் வரை வாரந்தோறும் அதை அவர் கொண்டுவந்தார். பழந்தமிழ் நூல்களைப் பௌத்தக் கண்ணோடு திரும்பப் படித்தார். தன் பாட்டனார் கந்தப்பன் வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்பதையும் எழுதி வைத்தார்.

ஆனாலும் என்ன நடந்தது? தமிழ் அறிவுலகம் அந்தப் பெயரைப் பல பத்தாண்டுகள் உச்சரிக்கவே இல்லை. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவந்த பிறகுதான் பரவலான பேச்சு தொடங்கியது. எழுதி வைத்தது மட்டும் போதவில்லை என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம். நாம் படிக்காவிட்டால் நம்மவர் எழுதியது இருந்தும் இல்லாததாகிவிடும்.

ஒரே ஒரு புத்தகம் என்ன செய்யும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. பீமராவ் பள்ளித் தேர்வில் தேறியதற்கு மக்கள் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். அங்கே கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர், தான் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். 1956-இல் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில் பாபாசாகேப் இதை நன்றியோடு நினைவுகூர்கிறார். அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் ஏற்றார். பள்ளிச் சிறுவனின் கையில் விழுந்த விதை முளைத்து மரமாக ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆனது.

கொலம்பியாவில் படித்துத் திரும்பிய பிறகும் பரோடாவில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றின் இருண்ட மாடியில், வௌவால்களுக்கு நடுவே தனியாக இருந்தார். மனிதத் துணை இல்லாத அந்த நாட்களில் புத்தகங்களைத் துணையாகக் கொண்டதை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து அவரை வெளியேற்றினார்கள். பட்டம் அவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் படித்தது அவரோடு இருந்தது.

அதைத் தனக்கு மட்டுமென்று அவர் வைத்துக்கொள்ளவும் இல்லை. 1924-இல் தொடங்கிய பகிஷ்கரித் ஹிதகாரிணி சபையின் நோக்கங்களைப் பாருங்கள்: மாணவர் விடுதிகள், நூலகங்கள், படிப்பு வட்டங்கள். மகாடில் குளத்து நீரைக் கையால் அள்ளியது 1927-இல். நூலகமும் படிப்பு வட்டமும் அதற்கு மூன்றாண்டு முன்பே திட்டத்தில் இருந்தன.

1936-இல் லாகூர் ஜாத் பாத் தோடக் மண்டல் அவர் உரையின் கருத்துக்கு அஞ்சி மாநாட்டையே கைவிட்டது. அவர் அதைச் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் தீர்ந்தன. 1937-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது 'சாதி ஒழிப்பு' இரண்டு மொழிகளில் ஏற்கெனவே பெயர்க்கப்பட்டிருந்தது. ஒன்று குஜராத்தி, மற்றொன்று தமிழ். பெரியாரின் 'குடிஅரசு' அதை இங்கே கொண்டுவந்தது. மராத்தி மொழிபெயர்ப்பு அப்போதுதான் தயாராகிக்கொண்டிருந்தது.

இப்போது காலம் மாறிவிட்டது என்பவர்கள் 2015-ஐ நினைக்கட்டும். சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்த பிறகே திரும்பக் கிடைத்தது. தனியாகப் படிப்பவரைக் கண்டு அதிகாரம் அஞ்சுவதில்லை. கூடிப் படிப்பவர்களைக் கண்டுதான் அஞ்சுகிறது.

ஆகவே தோழர்களே, 100 வேண்டாம். 12 போதும், மாதம் ஒன்று. ஒவ்வொன்றையும் குறைந்தது இன்னொருவரோடு சேர்ந்து படியுங்கள். தொடங்குவதற்கு ஆறு சொல்கிறேன்.

'விசாவுக்காகக் காத்திருத்தல்' மிகச் சிறியது, ஒரே மாலையில் முடிந்துவிடும். அடுத்து 'சாதி ஒழிப்பு'. காந்தியின் மறுப்பும் அம்பேத்கரின் பதிலும் சேர்ந்த பதிப்பாகப் பாருங்கள். மூன்றாவது இரட்டமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்'. வட்டமேசை வரை போனவர் தன் வாழ்வைச் சில பக்கங்களில் சொல்கிறார். நான்காவது பாமாவின் 'கருக்கு', 1992-இல் நம் பேச்சு மொழியைத் தலைநிமிர்ந்து எழுத்தில் ஏற்றியது. ஐந்தாவது சிவகாமியின் 'பழையன கழிதலும்'. நம் இயக்கத்துக்குள் இருக்கும் ஆணாதிக்கத்தையும் விட்டுவைக்காத நாவல். ஆறாவது ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்'. சிரித்துக்கொண்டே படிப்பீர்கள், படித்த பிறகு வலிக்கும்.

மீதி ஆறை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஒன்று வேறு மாநிலத்துத் தலித் எழுத்தாக இருக்கட்டும். ஒன்று அறிவியலாக இருக்கட்டும். ரோகித் வேமுலா கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர் என்பதை மறக்க வேண்டாம். நம் துயரத்தைப் பற்றி மட்டுமே நாம் படிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

டிசம்பரில் கணக்குப் பார்க்கும்போது, படித்த புத்தகங்களை எண்ணாதீர்கள். உங்களால் படிக்கத் தொடங்கிய ஆட்களை எண்ணுங்கள். உங்கள் தெருவில் தேர்வில் தேறிய ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். அதன் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுங்கள்.

ஜெய் பீம்.