வந்தானா, வந்தாளா?

தமிழில் ஒருவர் வந்தார் என்று மரியாதையாகச் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். வந்தான், வந்தாள் என்றால் வினைமுற்றே பாலைச் சொல்லிவிடும். பழைய இலக்கணக்காரர்கள் இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறார்கள்.

தொல்காப்பியம் ஆண்மை திரிந்தவர்களை (ஆணாகப் பிறந்து பெண்தன்மை கொண்டவர்களை) உயர்திணையில், அதாவது மனிதரோடு, வைக்கிறது. அவர்களுக்கெனத் தனி விகுதி இல்லை. ஆண்பால் விகுதியும் பொருந்தாது என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இன்னும் தெளிவாகப் பேசுகிறார்: பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவர் ஆண்பால், ஆண்மையை விட்டவர் பெண்பால். விருப்பமே பாலைத் தீர்மானிக்கிறது! ஆனால் அதே நூற்பா, அவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்று முடிவது வலிக்கிறது.

தெருவின் மொழி இலக்கணத்தைவிடக் கொடியது. 'அலி', 'ஒன்பது' என்ற சொற்கள் கல்லாக எறியப்பட்டன. கூவாகம் கோயில் திருவிழாவில் மகாபாரத அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் வழக்கத்திலிருந்து 'அரவாணி' வந்தது. பிறகு 'திருநங்கை'. கலைஞர் கருணாநிதி ஆட்சியில் அது அரசுச் சொல்லாகி, 2008 ஏப்ரல் 15இல் நல வாரியமும் அமைந்தது. பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவாகி ஆணாக வாழ்பவருக்குத் 'திருநம்பி' கிடைத்தது.

திருநங்கையர் சமூகத்துக்குள்ளே வேறொரு குரலும் உண்டு. இளையவர் 'பாம்படுத்தி' என்று வணங்க, மூத்தவர் 'ஜீயோ' என்று வாழ்த்துவார். அங்கே குரு தாயாகிறார், சேலா எனப்படும் சீடர் மகளாகிறார். குரல் கட்டையாக இருந்தாலும் அந்த வீட்டில் அவள் 'வந்தாள்'தான்.