சட்டாம்பிள்ளை முறையும் குழுவின் அளவும்: ஒரு வரலாற்று நோக்கு

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1826இல் எழுதிய கல்விக் குறிப்பில் ஒரு கணக்கு வருகிறது. மாகாணத்தில் 12,498 பள்ளிகள். படிப்போர் 1,88,650 பேர். நாட்டுக் கல்வி எவ்வளவு பரவியிருந்தது, யாருக்கெல்லாம் எட்டியது என்ற வாதங்களில் இந்த எண்கள் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. வகுத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது: பள்ளிக்குச் சராசரி 15 பிள்ளைகள்.

அந்தப் பதினைந்து பேரும் ஒரே பாடம் படிக்கவில்லை. பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை பள்ளியின் ஒரு காலைப் பொழுதை அப்படியே காட்டுகிறது. முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழி. மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. இப்படி ஏறிக்கொண்டே போகும். பிள்ளைகள் கொஞ்சம் பேராக இருந்தால்தான் நடக்கக்கூடிய வழக்கம் இது. பிறகு பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பிரிப்பார்கள்; பெரும்பாலும் நான்கு வகுப்பு. கீழ் வகுப்பினரை மூத்த மாணவர்களான சட்டாம்பிள்ளைகள் கவனிக்க, மேல் வகுப்பினர் ஆசிரியரிடமே படிப்பார்கள். மணலில் விரலால் எழுதும் சின்னவன் தவறினால் அந்த நொடியே திருத்த ஓர் ஆள் பக்கத்திலேயே உண்டு. பிரம்படியை நான் போற்றவில்லை. அந்த நெருக்கத்தைத்தான் சுட்டுகிறேன்.

இந்த அறிக்கைக்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே ஆண்ட்ரூ பெல் இந்தப் பள்ளிமுறையைக் கவனித்துவிட்டார். எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் கண்காணிப்பை 1789இல் ஏற்றவர் அவர். நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் இல்லத்திலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால், படிப்பில் முந்திய ஒரு சிறுவனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். 1796இல் பிரிட்டன் திரும்பி, மறு ஆண்டே இதை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று உலகெங்கும் பேசப்பட்டது இதுதான்.

லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் இதே வகை முறையைப் பெரிய அளவில் நடத்தினார். ஒரே கூடம், ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். செலவு குறைவு என்பதே எல்லோரையும் ஈர்த்தது. ஆனால் அந்தக் கூடத்துக்குள்ளும் பாடம் நடந்தது பத்துப் பேர் அளவிலான குழுக்களில்தான். சுவரில் மாட்டிய அட்டைக்கு முன் அரைவட்டமாக நின்று, ஒரு மாணவத் தலைவன் சொல்லச் சொல்லப் படித்தார்கள். கூடத்தின் அளவைப் பார்த்து வியந்தவர்கள் இந்த அரைவட்டத்தைப் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் கணிப்பு. நாட்டுத் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளைக்குத் தெரியாததைத் திருத்த ஆசிரியர் எட்டிய தூரத்தில் இருந்தார். லண்டன் கூடத்தில் அவர் மேடைமேல் இருந்தார். குழு சிறியதுதான்; ஆனால் சொல்லிக்கொடுத்தவனே அரைகுறையாகத்தான் கற்றிருந்தான். 1846இல் பிரிட்டிஷ் அரசு வேறு வழி வகுத்தது. 13 வயது நிரம்பியவர்களை ஐந்தாண்டுப் பயிற்சிக்கு எடுத்து, 25 பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் ‘மாணவ ஆசிரியர்’ ஆக்கியது. மெட்ராஸ் முறை மெல்ல மறைந்தது.

குழுவின் அளவை முறையாகச் சோதித்துப் பார்த்தது இருபதாம் நூற்றாண்டு. கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட கட்டுரை, தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர், சுமார் 30 பேர் கொண்ட வகுப்பில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரை முந்தியதாகச் சொன்னது. அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 79 பள்ளிகளில் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தது: 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்பு, 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பு, அதே பெரிய வகுப்புக்கு ஓர் உதவியாளர். நான்கு ஆண்டுகள் நடந்த இந்தச் சோதனையில் சிறிய வகுப்புப் பிள்ளைகள் முந்தினார்கள். கறுப்பினப் பிள்ளைகள் அடைந்த பலன் இன்னும் அதிகம். உதவியாளரைச் சேர்த்ததால் பெரிய மாற்றம் வரவில்லை. ஆள் கூடினாலும் கூட்டம் குறையாதவரை பிள்ளையின் முறை சீக்கிரம் வருவதில்லை என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

டென்னசியின் சிறிய வகுப்பும் மன்றோ கணக்கின் சராசரியும் ஒத்துப்போவதைக் கொண்டு திண்ணைப் பள்ளியே சிறந்தது என்று தீர்ப்பு எழுத முடியாது. அங்கே இடம் கிடைக்காத பிள்ளைகள் ஏராளம். ஆனால் எல்லோருக்கும் கதவு திறந்த பின், அந்தச் சிறு வட்டத்தையும் அவர்களுக்குத் தந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் திட்டம் பிள்ளைகளைப் பாயில் வட்டமாக உட்கார வைத்து, சில குழுக்களுக்கு ஆசிரியரையும் சிலவற்றுக்குச் சக மாணவரையும் துணையாக்கியபோது பழைய ஏற்பாடு ஒரு சுற்று சுற்றித் திரும்பி வந்தது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது. விகிதம் 30க்கு ஒன்று; தாளில் சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு பேரும் ஐந்து வகுப்புகளை நடத்த வேண்டும். ஆசிரியர் பணியிடங்களைக் கணக்கிடுவோர் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு வகுப்புகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.